பெரிய திருக்கற்றளி

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாமாண்டு

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம் கல்லூரி அரங்கில் படம் ஒன்று காட்டினார்கள். நடு அமெரிக்காவில், குவாதமாலா நாட்டின் அடர்ந்த காட்டுக்குள்ளே, மாயர் என்னும் மக்கள் எழுப்பிய திக்கால் என்ற நகரின் இடிபாடுகளைப் பற்றிய படம் அது. மரங்களின் தலைக்கு மேலே தலை நீட்டி நிற்கும் கற்கோபுரங்கள். ஏணியைச் சாய்த்து வைத்தாற்போலச் செங்குத்தாக ஏறும் படிகள். படிகளின் உச்சியில் ஓர் இருட்டறை. அங்கே அரசனும் குருமாரும் நின்று சடங்கு நடத்தக் கீழே திடலில் ஊரே கூடி அண்ணாந்து பார்த்ததாம். விளக்குகளைப் போட்ட பிறகும் கைதட்டல் ஓய நெடுநேரம் பிடித்தது. நானும் தட்டினேன்.

பிறகு பேராசிரியர் ஒருவர் எழுந்து, "நம் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குள் போய்ப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். உயர்ந்த கைகளை எண்ண இரு கை விரல்களே போதுமாயிருந்தன. என் கை உயரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அங்க என்ன சார் இருக்கு? பாழடைஞ்ச கோயில்தானே!" என்றது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. இக்கட்டுரையை அந்தச் சிரிப்புக்கு நான் கட்டும் அபராதம் என்று கொள்ளுங்கள்.

நான் ஏனாத்தூர்க்காரன். ஊரிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டால், காஞ்சி நகரைக் குறுக்கே கடந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கைலாசநாதர் கோயில் புல்வெளியில் இறங்கிவிடலாம். 20 ஆண்டுகளில் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. வரதராசர் கருட சேவைக்குப் போயிருக்கிறேன். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றி வந்திருக்கிறேன். காமாட்சியம்மன் கோயில் வாசலில் தொலைந்துபோய் அழுததும் நினைவிருக்கிறது. கூட்டம் போகும் இடத்துக்குக் கூட்டத்தோடு போனேன்; கூட்டம் போகாத இடத்துக்குப் போக எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு போனேன்.

முதலில் புல்வெளியில் தனியே படுத்திருக்கும் நந்தி. அதைக் கடந்தால் வாசலை ஒட்டி வரிசையாகச் சிறு கோயில்கள் எட்டு. உள்ளே மதில் முழுவதும், திண்ணை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவைப் போல, 58 சிற்றாலயங்கள். நடுவே பெரிய விமானம். பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. எத்தனை சிங்கங்கள் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். கருவறையில் பதினாறு பட்டை இலிங்கம். அதன் பின்சுவரில் அம்மையும் அப்பனும் நடுவே குழந்தை முருகனுமாகச் சோமாஸ்கந்தர். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து நுழைய வேண்டிய ஒடுங்கிய பாதை ஒன்று உண்டு. அதில் புகுந்து வெளிவந்தால் மறுபிறப்பு இல்லை என்பார்கள். நானும் புகுந்தேன்; முழங்கை சிராய்த்துக்கொண்டு வெளிவந்தேன். மறுபிறப்பைப் பற்றி வேதியியல் மாணவன் கருத்துச் சொல்வதற்கில்லை.

மறுநாள் நூலகத்தில் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இக்கோயிலை எடுத்தவன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்ம பல்லவன். அவன் ஆட்சியை ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை என்று கணிக்கிறார்கள். படத்தில் நாங்கள் வாய்பிளந்து பார்த்த, 47 மீட்டர் உயரமுள்ள திக்காலின் முதலாம் கோயில், ஹாசாவ் சான் காவில் என்ற அரசனுக்காக ஏறத்தாழ 732-ல் எழுந்தது. ஆக, காஞ்சியில் சிற்பியின் உளி ஓயவும், கடல்கள் பல கடந்த அந்தக் காட்டில் கல் ஏறவும் சரியாக இருந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார், ஒரே தலைமுறையில், ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். மாயரிடம் இரும்புக் கருவி இல்லை. பாரம் இழுக்க மாடில்லை. வண்டிச் சக்கரமும் வழக்கில் இல்லை. கல்லைக் கொண்டே கல்லைச் செதுக்கினார்கள். அதனால் அவர்களுக்குக் கைதட்டியதில் பிழை ஒன்றுமில்லை. நம் கை அத்தோடு நின்றுவிட்டதுதான் பிழை.

முடிவிலும் ஓர் ஒற்றுமை. திக்காலில் ஆண்டு பொறித்த கடைசிக் கல் 869-ஆம் ஆண்டினது. வறட்சி, போர், சத்திழந்த நிலம் என்று பல காரணம் சொல்கிறார்கள்; மக்கள் சிறிது சிறிதாக நகரைவிட்டுப் போனார்கள்; காடு வந்து மூடிக்கொண்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் இங்கே ஆதித்த சோழன் அபராசிதனை வீழ்த்திப் பல்லவர் ஆட்சியை முடித்துவைத்தான். ஆனால் காஞ்சியைக் காடு மூடவில்லை. ஊர் இருந்தது, மக்கள் இருந்தார்கள், கடைத்தெரு இருந்தது. அங்கே காடு மூடியது. இங்கே நாம் கண்ணை மூடிக்கொண்டோம்.

மாயர் மறைந்தே போனார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் பல இலட்சக்கணக்கில் குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் வாழ்கிறார்கள். மாய மொழிகளைப் பேசுகிறார்கள். திக்காலின் திடலிலேயே மரப்பிசினைப் புகைத்துத் தங்கள் சடங்குகளைச் செய்கிறார்கள். நம்மவர்க்கு மாயர் என்றால் 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்ற வதந்தி ஒன்றுதான் தெரியும். நான் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். உலகம் அழியப்போகிறதே, வீட்டுப்பாடம் எதற்கு என்று எழுதாமல் போய் மறுநாள் அடி வாங்கினேன். சுழியத்தைக் கண்டறிந்து கணக்கிட்ட ஒரு மக்களைப் பற்றி நமக்கு எட்டிய செய்தி இவ்வளவுதான்! நம் கோயிலைப் பற்றி நமக்கு எட்டியது அதைவிடக் குறைவு.

எட்டாமற் போனவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் எப்படி வந்தது? முதலாம் நரசிம்மவர்மன் 642-ல் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றினான். அந்த வடு ஒரு நூற்றாண்டு ஆறாமல் இருந்து, பின்னர் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்க வந்தவன் என்ன செய்வான்? கொளுத்துவான், கொள்ளையடிப்பான் என்றுதானே நினைப்போம். இந்தக் கோயிலுக்குள் வந்து இதன் செல்வத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அவ்வளவையும் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அதைத்தான் அந்தத் தூணில் தன் மொழியில் எழுதிவைத்துப் போனான். தோற்ற அரசனின் புகழைப் பாட வேண்டிய கடமை எதுவும் அவனுக்கு இல்லை. பகைவன் கொடுத்த நற்சான்று அது. நம் ஊரில் வேறெந்தக் கட்டடத்துக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது?

பின்னால் முதலாம் இராசராசன் காலத்தில் இதற்குக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று பெயர். கற்றளி என்றால் கல்லால் ஆன கோயில். 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்தவன் காலத்திலேயே 'பெரிய' என்ற அடைமொழி நம் ஊர்க் கோயிலுக்கு இருந்ததென்றால், அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்த செய்தி. கோயிலிலுள்ள கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 1286-ஐச் சேர்ந்தது, அதாவது கி.பி. 1364. விசயநகரத்துக் குமார கம்பணனின் ஆட்சிக் காலம். குலோத்துங்க சோழன் காலத்தில் இந்தக் கோயில் மூடப்பட்டதாம். இதன் நிலங்கள் விற்கப்பட்டனவாம். இதன் வளாகமும் சுற்றுப்புறமும் வேறொரு கோயிலுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டனவாம். அதைக் கம்பணனின் அமைச்சர் கோப்பணங்கள் திருத்தி, மீண்டும் பூசை நடக்கக் கட்டளையிட்டார் என்கிறது கல்வெட்டு. ஊல்ச் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது அச்சேறிவிட்டது.

பாழாய்ப் போவது இந்தக் கோயிலுக்குப் புதிதல்ல என்று இதை ஒருவர் படிக்கலாம். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். கோயில்கள் கொடையைக் கல்லில் வெட்டும், வெற்றியை வெட்டும், விளக்குக்கு விட்ட ஆட்டின் எண்ணிக்கையைக்கூட வெட்டும். இங்கே புறக்கணிப்பையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். "இது மூடிக்கிடந்தது, அது தவறு, திறந்துவிட்டோம்" என்று 650 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 'பாழடைந்த கோயில்தானே' என்று நாம் சிரித்தோமே, அதற்கு அந்தச் சுவர் அன்றே பதில் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் சில நண்பர்கள் பூசலார் நாயனாரை அழைத்துவருவார்கள். காடவர்கோன் காஞ்சியில் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான்; இறைவனோ கனவில் வந்து, அன்றைக்குத் திருநின்றவூரில் அன்பன் ஒருவன் நெஞ்சில் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றான். பெரியபுராணம் சொல்லும் அந்தக் கற்கோயில் இதுவே என்று கருதுவோர் உண்டு. அருமையான கதைதான், ஏழையின் பக்கம் நிற்கும் கதை. ஆனால் "மனக்கோயில் இருக்கக் கற்கோயில் எதற்கு?" என்று அதை நம் சோம்பலுக்குத் துணைக்கு அழைப்பதை நான் ஒப்பமாட்டேன். பூசலார் கோயிலில் மழை நீர் இறங்காது. இராசசிம்மன் கோயிலில் இறங்குகிறது.

மழை நீரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் பாடம் அது. இக்கோயிலின் அடித்தளம் கருங்கல். அதற்குமேல் சிற்பங்களெல்லாம் மணற்கல். மணற்கல் என்பது மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கல். ஒட்டும் பொருள் கரைந்தால் துகள் உதிரும். நிலத்து ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கல்லுக்குள் ஏறுகிறது. கூடவே உப்பும் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் போக, உப்பு படிகமாகிக் கல்லின் தோலுக்கடியில் உட்கார்ந்து அதை வெளியே தள்ளுகிறது. மழைக்காலத்தில் கரைந்து, கோடையில் மறுபடி படிகமாகி, ஆண்டுதோறும் இது நடக்கிறது. சிங்கத்தின் பிடரி மயிர் போகிறது. பிறகு காது போகிறது. கடைசியில் ஏதோ ஒரு விலங்கு என்று சொல்லும் அளவுக்கு ஒரு கட்டி மிஞ்சுகிறது. இதற்கு ஒரு பகைவனும் வர வேண்டியதில்லை.

தேய்ந்த சிற்பங்கள் பலவற்றின்மேல் பிற்காலத்தார் சுதை பூசிப் புதுமுகம் கொடுத்திருக்கிறார்கள். பழைய உளியின் நுட்பம் உள்ளே மறைந்துபோக, உருண்டைக் கன்னமும் பெரிய விழியுமாக ஒரு முகம் வெளியே நிற்கிறது. முதல்முறை பார்த்துவிட்டு வந்த இரவு என் குறிப்பேட்டில், "இந்தச் சுதை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும்" என்று கோபமாக எழுதினேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1931-ல் இந்தச் சிற்றாலயங்களில் பல்லவர் கால ஓவியங்களைக் கண்டறிந்தார். பிற்காலப் பூச்சுகளுக்கு அடியிலே கிடந்தவை அவை. ஒரு சோமாஸ்கந்தர், அரைகுறையாய் ஒரு முகம், அழியாத சில கோடுகள். என்னைப்போன்ற அவசரக்காரன் ஒருவன் அதற்கு முன்னரே இரும்புத் தகட்டோடு வந்து சுரண்டியிருந்தால் அவையும் போயிருக்கும். அதுமட்டுமன்று. பல்லவர்களே கல்லின்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சுப் பூசித்தான் வண்ணம் தீட்டினார்கள். ஆகவே, வெறுங்கல்லே உண்மை, பூச்செல்லாம் பொய் என்று சொல்வதற்கில்லை. திக்காலிலும் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீற்றித்தான் சுவருக்கும் திடலுக்கும் பூசினார்கள். கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறுகுகிறது. நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சமன்பாடு. காஞ்சியிலும் திக்காலிலும் ஒரே தலைமுறையில், எழுதிப் பார்க்காமல், கையால் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு மென்மையானது, மூச்சு விடும், ஈரத்தைத் தன் வழியாக வெளியே அனுப்பிவிட்டுத் தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். சிமெண்ட் அப்படியன்று. அது கல்லைவிடக் கடினம். ஈரத்தை அடைத்துப்போட்டுக் கல்லின் வழியே போகச் சொல்லும். தானும் உப்புக் கொண்டுவரும். எந்தப் பழைய கோயிலிலும் சிமெண்டுச் சட்டியைக் கண்டால் நாம் கேள்வி கேட்க வேண்டும். 'துப்புரவுப் பணி' என்று அமிலம் கொண்டு கழுவும் யோசனையை ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடே என்னிடம் சொன்னார். சுண்ணாம்பின்மேல் ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் என்ன ஆகுமென்று முதலாண்டு மாணவனும் ஆய்வகத்தில் பார்த்திருப்பான். ஆயிரம் ஆண்டுப் பூச்சு நுரைத்துப் போக ஒரு நிமிடம் போதும்.

இனி என் வகுப்புத் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவரும் என்னைப்போல வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவர். "ராசா தன் பெருமைக்குக் கட்டினான். கூலிக்குத் தறி ஓட்டுறவன் பையன் அதுக்கு எதுக்கு அழணும்? உங்க தாத்தன் பேரு அங்க இருக்கா?" என்றார். நியாயமான கேள்வி. என் பாட்டன் பெயர் அங்கே இல்லை. கல்லை வெட்டி இழுத்துவந்து அடுக்கியவர் எவருடைய பெயரும் இல்லை. இராசசிம்மனுக்கோ ஏறத்தாழ 250 பட்டப்பெயர்கள்! அத்தியந்தகாமன், இரணசெயன், சங்கரபக்தன், ஆகமப்பிரியன், வாத்தியவித்தியாதரன் என்று சிற்றாலயந்தோறும் வரிசை போகிறது. நான்கு விதமான எழுத்தில் அவற்றைப் பொறித்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் படிக்கப் படிக்கச் சலித்துவிடுகிறது. தேர்தல் சுவரொட்டியைப் படிப்பதுபோல் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தின் வளைவைப் பாருங்கள், கொடி படர்ந்தாற்போல, அன்னம் கழுத்தை வளைத்தாற்போல! பட்டம் அரசனுடையது, வளைவு உளி பிடித்தவனுடையது. இதை நான் தோழரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒப்பவில்லை. "வளைவைச் சாப்பிட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டு நிலை எனக்குத் தெரியும், மேலே வாதாடவில்லை.

அதனால்தான் அடுத்தமுறை அப்பாவை அழைத்துப் போனேன். அப்பா நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை நாள்தான். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரக் காத்திருந்த ஒரு நாளாகப் பார்த்துக் கூப்பிட்டேன். சிறுவயதில் ஒருமுறை வந்ததாக நினைவு என்றார். நான் படித்ததையெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே வந்ததும் அடித்தளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். கருங்கல் முடிந்து மணற்கல் தொடங்கும் வரியைக் கண்ணாலேயே நெடுநேரம் தடவினார்.

"கோர்வைடா இது" என்றார்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால், இரண்டையும் தனித்தனி நாடா போட்டு, இழைக்கு இழை பின்னி நெய்ய வேண்டும்; தறியில் ஒருவர் போதாது, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. புடவை கிழிந்தாலும் கோர்வை விடக்கூடாது என்பார்கள். "நிறம் மாறுது பாரு, பிடிப்பு விடல. அடியில கெட்டிக் கல்லு, மேல வேலைப்பாட்டுக்கு மெத்துனு கல்லு. தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்" என்றார். நூலகத்தில் மூன்று நாள் படித்து நான் தெரிந்துகொண்டது அவருக்கு மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

சுதை பூசிய ஒரு சிங்கத்தைக் காட்டினேன். "என்னப்பா சொல்றீங்க?"

"பழம்பட்டு கிழிஞ்சா அதுமேல பெயிண்ட் அடிப்பாங்களா?" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "அதுக்காகப் பிய்க்கவும் கூடாதுடா. ஒட்டினதைப் பிய்ச்சா பழைய இழையும் கூடவே வரும்" என்றார்.

என் குறிப்பேட்டு வரியை அன்றைக்குத்தான் அடித்தேன்.

அப்படியானால் என்னதான் செய்வது? பிய்க்கவும் கூடாது, பூசவும் கூடாது என்றால் பார்த்துக்கொண்டிருப்பதா? ஆம், பார்ப்பதுதான். நாம் அதைத்தான் செய்யவில்லை. திக்காலில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1956 முதல் 1970 வரை தங்கி அளந்தார்கள், வரைந்தார்கள், எண்ணினார்கள். அகழ்ந்ததைவிட அகழாமல் மண்ணுக்குள் விட்டுவைத்ததே அதிகம். அண்மையில், 2018-ல், விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி அந்தக் காட்டுப் பகுதியில் 60,000-க்கும் மேற்பட்ட கட்டட அமைப்புகளைக் கண்டிருக்கிறார்கள். ஒரு மரத்தையும் வெட்டாமல்! நம்மிடம் இருப்பது 58 சிற்றாலயங்கள். காடு மறைக்கவில்லை, பாம்பு காக்கவில்லை. சென்ற ஆண்டு எந்தச் சிங்கத்துக்குக் காது இருந்தது, இவ்வாண்டு எதற்கு இல்லை என்று கேட்டால் நம் கல்லூரியில் விடை சொல்ல ஆள் உண்டா?

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டு முகாமை எங்கோ தொலைவில் நடத்துகிறோம். தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், சிற்றாலயத்துக்கு ஒரு மாணவராக 58 பேர் கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம் என்பது என் யோசனை. துடைப்பம் வேண்டாம், வாளி வேண்டாம், அமிலம் வேண்டவே வேண்டாம். தொல்லியல் துறையின் அனுமதியோடு, எதையும் தொடாமல், குறித்த இடத்தில் நின்று குறித்த நேரத்து வெளிச்சத்தில் படம் எடுப்பது. கண்டதை ஒரு பேரேட்டில் எழுதி நூலகத்தில் வைப்பது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று மறுபடி எடுப்பது. எல்லார் சட்டைப்பையிலும் படக்கருவி இருக்கும் காலம் இது. ஒரு ரூபாய் செலவில்லை. பத்து ஆண்டுப் பேரேடு சேர்ந்தால் கல் எந்தப் பக்கத்தில் வேகமாக உதிர்கிறது, எந்த மழைக்குப் பின் உதிர்கிறது என்று வேதியியல் துறை ஆய்வே செய்யலாம். அப்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம், பேரேடு இருக்கும்.

"அதற்கென்று துறை இருக்கிறது, வல்லுநர் இருக்கிறார்கள், நீங்கள் எதற்கு?" என்று ஆசிரியர் ஒருவர் அன்போடு கேட்டார். இருக்கிறார்கள்; கோயில் இன்றளவும் நிற்பது அவர்களால்தான். ஆனால் 58 வாசலிலும் ஆளுக்கொருவரை உட்கார்த்திவைக்க எந்தத் துறையாலும் ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சுவர்களில் பட்டப்பெயர்களுக்குக் கீழே வேறு பெயர்களும் இருக்கின்றன. ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள், தேர்வு எண் போன்ற ஏதோ எண்கள். இராசசிம்மனுக்கு 250 பட்டம் போதவில்லை என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள்! கீறியவர்கள் நம் வயதுக்காரர்கள் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. காவலர் திரும்பிப் பார்ப்பதற்குள் கீறிவிடலாம். தனக்கென்று ஒரு சிற்றாலயத்தை ஏற்றுக்கொண்டு ஒரு முழு நாள் அதன்முன் உட்கார்ந்து பார்த்தவன் கீறுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பம் எழுதி முதல்வர் அறையில் கொடுத்திருக்கிறேன். வரலாற்றுத் துறையில் இருவர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வளைவைச் சாப்பிட முடியாது என்று சொன்ன தோழரும், "நாளைக்குச் சோத்துக்கு என்ன வழின்னும் ஒரு விண்ணப்பம் எழுது" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வடக்குப் பக்கத்தில் முகம் ஏறத்தாழத் தேய்ந்துபோன சிங்கம் ஒன்று நிற்கும் சிற்றாலயத்தை எனக்கென்று குறித்துவைத்திருக்கிறேன். அடித்தளத்தை ஒட்டிய ஒன்றை அப்பா கேட்கிறார். மாணவர்க்கு மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் ஒப்பவில்லை. மீதி 56 இருக்கின்றன. வேண்டுவோர் மாலை நான்கு மணிக்கு மேல் வேதியியல் ஆய்வகத்தில் என்னைப் பார்க்கலாம்.